தீராத பராமரிப்புச் சுமை: தாங்கும் வழிகளும் அதில் பொருள் காண்பதும்

பக்கவாதம், மறதி நோய், நடுக்குவாதம், முதுகுத்தண்டுக் காயம், முற்றிய புற்றுநோய் போன்றவற்றால் பிறர் உதவியின்றி இயங்க இயலாத ஒருவரை வீட்டில் வைத்து நாள்தோறும் கவனித்துக்கொள்பவர் குடும்பப் பராமரிப்பாளர் எனப்படுகிறார். மனைவி, கணவர், மகள், மருமகள், மகன், வயது முதிர்ந்த தாய் என அவர் யாராகவும் இருக்கலாம். இப்பணிக்குச் சம்பளம் இல்லை. வார விடுமுறை இல்லை. ஓய்வு பெறும் நாளும் இல்லை.

நோயாளியை எவ்வாறு பராமரிப்பது என்பது குறித்துப் பல வழிகாட்டுதல்கள் உள்ளன. இப்பக்கம் பராமரிக்கும் உங்களைப் பற்றியது. உங்கள் களைப்பை எவ்வாறு குறைத்துக்கொள்வது, குறைக்க இயலாத பகுதியை எவ்வாறு தாங்குவது, அத்தகைய வாழ்வில் பொருள் காண இயலுமா ஆகிய கேள்விகளை இது விளக்குகிறது.

இச்சுமை மற்றத் துன்பங்களிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?

காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் முடிவு உண்டு. சில நாளோ சில மாதமோ பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தால் பழைய வாழ்வு திரும்பிவிடும். நீண்டகாலப் பராமரிப்பு அப்படிப்பட்டதன்று. அது எப்போது முடியும் என எவராலும் சொல்ல இயலாது. முடிவு என்பது பெரும்பாலும் அன்புக்குரியவரின் மறைவாக இருப்பதால், முடிய வேண்டும் என விரும்பவும் மனம் துணியாது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஐம்பத்திரண்டு வயதுப் பெண் ஒருவரின் கணவர் பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்து, பேச்சும் குழறி, படுக்கையில் இருக்கிறார். முதல் மாதம் உறவினர் பழத்துடன் வந்து ஆறுதல் கூறினர். ஆறு மாதம் கடந்தபின் வருகை நின்றது. அந்தப் பெண் விடியற்காலை எழுந்து கணவரின் உடலைத் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி புகட்டி, மருந்து கொடுத்து, இரவில் இருமுறை எழுந்து அவரைப் புரட்டிப் படுக்க வைக்கிறார். செய்து வந்த வேலையை விட்டுவிட்டார். கோயிலுக்கும் திருமணத்துக்கும் போவதில்லை. தம்முடைய இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்து மூன்று வாரமாகியும் வாங்கவில்லை. எவரேனும் நலம் விசாரித்தால், "எனக்கென்ன, அவர்தான் பாவம்" என்கிறார். இத்தகையவர் உங்கள் தெருவிலும் இருக்கலாம்; அவர் நீங்களாகவும் இருக்கலாம்.

இதில் மற்றொரு துயரமும் உண்டு. கணவர் உயிருடன் அருகில் இருக்கிறார். ஆனால் நேற்றுவரை பேசிச் சிரித்த மனிதராக இல்லை. மறதி நோயில், பெற்ற தாயே மகளை யார் எனக் கேட்கும் நிலை வரும். இறப்பு நேர்ந்தால் அழுவதற்குச் சடங்கு உண்டு, துக்கம் விசாரிக்க ஊர் உண்டு. உயிருடன் இருப்பவரை இழந்துகொண்டிருக்கும் துயரத்துக்கு அவை எதுவும் இல்லை. அமெரிக்க உளவியலாளர் பாலின் பாஸ் இதனைத் தெளிவற்ற இழப்பு எனப் பொருள்படும் பெயரால் குறிப்பிட்டார். உங்கள் துயரத்துக்கு ஒரு பெயர் உண்டு என்பதும், அது இயல்பானது என்பதும் முதலில் நீங்கள் அறிய வேண்டியவை.

பராமரிப்பாளரின் உடல்நலத்தில் ஏற்படும் விளைவுகள்

நீண்டகாலச் சுமை உடலையும் தாக்குகிறது. மறதி நோய் உற்ற உறவினரைப் பராமரித்த பெண்களின் கையில் சிறிய காயம் ஏற்படுத்தி அது ஆறும் காலத்தை அளந்த அமெரிக்க ஆய்வு ஒன்று 1995-இல் வெளியானது. ஒத்த வயதுடைய பிற பெண்களைவிட, பராமரிப்பாளர்களுக்குக் காயம் ஆறச் சராசரியாக 9 நாள்கள் கூடுதலாயின. 1999-இல் வெளியான வேறோர் அமெரிக்க ஆய்வு, வாழ்க்கைத்துணையைப் பராமரித்த முதியோரை நான்கு ஆண்டுகள் கண்காணித்தது. பராமரிப்பதுடன் கடும் சிரமத்தையும் உணர்ந்தவர்களுக்கு, அப்பொறுப்பு இல்லாதவர்களைவிட இறப்பு அபாயம் 63 சதவீதம் அதிகமாக இருந்தது. பராமரித்தும் அத்தகைய சிரமத்தை உணராதவர்களிடம் இவ்வாறான உயர்வு காணப்படவில்லை.

ஆகவே, உங்கள் சுமையைக் குறைத்துக்கொள்வது தன்னலம் ஆகாது. நீங்கள் படுத்துவிட்டால் வீட்டில் இருவர் நோயாளிகளாவர்.

கீழ்க்காண்பவை சுமை மிகுந்துவிட்டதற்கான அறிகுறிகள்:

• ஓய்வெடுத்தும் நீங்காத களைப்பு; முதுகுவலி, தலைவலி
• தூக்கமின்மை, அல்லது எழுந்திருக்க மனமின்றித் தூங்கிக்கொண்டே இருத்தல்
• சிறு விஷயத்துக்கும் எரிச்சல். நோயாளியிடம் கத்திவிட்டுப் பின்னர் அழுதல்
• தம் மருந்தையும் உணவையும் மருத்துவப் பரிசோதனையையும் தள்ளிப்போடுதல்
• எவரையும் பார்க்க விருப்பமின்மை
• எதிலும் உணர்வற்று இயந்திரம்போல் வேலை செய்தல்

வெளியில் சொல்ல இயலாத எண்ணங்கள்

"இது எப்போது முடியும்?" என்ற எண்ணம் ஏறத்தாழ எல்லாப் பராமரிப்பாளருக்கும் ஏதேனும் ஓர் இரவில் தோன்றுகிறது. "கடவுள் இவரை அழைத்துக்கொண்டால் இவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி" என நினைத்துவிட்டு, அந்நினைவுக்காகவே பல நாள் தம்மைத் தாமே தண்டித்துக்கொள்வோர் உண்டு. இவ்வெண்ணம் அன்பின்மையைக் காட்டுவதன்று. களைத்துப்போன உடலும் மனமும் ஓய்வு கேட்கும் குரல் அது. அன்பும் சினமும், கடமையுணர்வும் சலிப்பும் ஒரே மனத்தில் ஒரே நாளில் இருக்கக்கூடும்.

நோயாளியின் நடத்தையைப் புரிந்துகொள்வதும் மனக்காயத்தைக் குறைக்கும். பக்கவாதத்துக்குப் பின் காரணமின்றி அழுவது, சிரிப்பது, திடீரெனக் கோபம் கொள்வது ஆகியவை மூளையில் ஏற்பட்ட பாதிப்பின் விளைவாக இருக்கலாம். அவர் உங்களை வேண்டுமென்றே வதைப்பதாக எண்ண வேண்டாம். மருத்துவரிடம் தெரிவித்தால் இதற்குச் சிகிச்சை அளிக்க இயலும்.

முதற்படி: குறைக்கக்கூடியதைக் குறைத்தல்

துன்பத்தில் பொருள் காண்பது குறித்துப் பேசுவோர் பலரும் இப்படியைத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர். வியன்னாவைச் சேர்ந்த மனநல மருத்துவர் விக்டர் பிராங்கல் (1905–1997) நாஜி வதைமுகாம்களில் அடைக்கப்பட்டிருந்தவர். பெற்றோர், மனைவி, சகோதரர் ஆகியோரை அக்கொடுமையில் இழந்தவர். தவிர்க்க இயலாத துன்பத்திலும் மனிதனால் பொருள் காண முடியும் என எழுதிய அவரே, தவிர்க்கக்கூடிய துன்பத்தின் காரணத்தை நீக்குவதுதான் பொருளுள்ள செயல் என்றும், தேவையின்றித் துன்புறுவது வீரமன்று என்றும் தெளிவுபடுத்தினார்.

எனவே ஒரு தாளை எடுத்து மூன்று பத்திகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதற்பத்தியில் நீங்கள் நாள்தோறும் செய்யும் வேலைகள் அனைத்தையும் எழுதுங்கள். இரண்டாம் பத்தியில், அவற்றுள் வேறொருவர் செய்யக்கூடியவற்றையும், கருவியாலோ மருத்துவப் பணியாளராலோ எளிதாக்கக்கூடியவற்றையும் எழுதுங்கள். மாற்றவே இயலாதவை மூன்றாம் பத்தியில் இடம்பெறட்டும். பலருக்கு மூன்றாம் பத்தி தாம் நினைத்ததைவிடச் சிறியதாக இருக்கும்.

இரண்டாம் பத்தியில் வரக்கூடியவை சில:

• புரட்டிப் படுக்கவைத்தல்: படுக்கைப்புண் வராமல் தடுக்கப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியின் நிலையை மாற்ற வேண்டும். ஏர் பெட் எனப்படும் காற்று மெத்தையைப் பயன்படுத்தினால் இரவில் இடைவெளியைச் சற்று நீட்டிக்க இயலுமா எனச் செவிலியரிடம் கேளுங்கள். உங்களுக்கு இடையூறின்றிச் சில மணி நேரத் தூக்கம் கிடைக்கக்கூடும்.

• தூக்கும் முறை: நோயாளியின் தோளையோ கையையோ பிடித்து இழுக்கக் கூடாது. இடுப்புக்கும் தோளுக்கும் அடியில் கெட்டியான துணியை மடித்து விரித்து, இருபுறமும் இருவர் பற்றி நகர்த்தலாம். முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கிக் குனியுங்கள். இயன்முறை மருத்துவர் ஒருமுறை நேரில் செய்து காட்டினால் உங்கள் முதுகு பல ஆண்டுகளுக்குப் பாதுகாக்கப்படும்.

• உதவி கேட்டல்: "யாரேனும் உதவினால் நன்றாக இருக்கும்" எனப் பொதுவாகக் கூறினால் எவரும் முன்வருவதில்லை. "ஞாயிறு மாலை நான்கு முதல் ஏழு மணி வரை நீ அப்பாவுடன் இரு" எனத் தம்பியிடம் நாளும் நேரமும் குறித்துக் கேளுங்கள். தொலைவில் வாழும் உடன்பிறந்தவரிடம் மருந்துச் செலவையோ, அலுவலக விண்ணப்பங்களையோ ஒப்படையுங்கள். பராமரிப்பு என்பது மருமகளின் அல்லது மனைவியின் கடமை மட்டுமே என்னும் எண்ணத்தைக் குடும்பத்தினர் கைவிட வேண்டும்.

• உங்கள் மருந்து: நோயாளியின் மாத்திரைப் பெட்டிக்கு அருகிலேயே உங்களுடைய மாத்திரையையும் வையுங்கள். அவருக்குக் கொடுக்கும் வேளையிலேயே நீங்களும் உட்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: எஞ்சியதில் பொருள் காணுதல்

எவ்வளவு குறைத்தாலும் மூன்றாம் பத்தி முற்றிலும் காலியாகாது. செயலிழந்த கை திரும்பாமல் போகலாம். மறந்த பெயர் நினைவுக்கு வராமல் போகலாம். சிக்கலைத் தீர்க்கும் முயற்சி இவ்விடத்தில் பயன் தராது. தாங்கும் வழி வேறாக வேண்டும்.

1990-களில் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ பகுதியில், எய்ட்ஸ் நோயால் இறந்துகொண்டிருந்த தம் துணைவர்களைப் பராமரித்த ஆண்களை உளவியலாளர் சூசன் போக்மன் குழுவினர் தொடர்ந்து சந்தித்து வந்தனர். அந்நோய்க்கு அப்போது ஆற்றல்மிக்க சிகிச்சை இல்லை. மன அழுத்தம் தரும் நிகழ்வுகளைப் பற்றி மட்டுமே ஆய்வாளர் வினவியதைப் பராமரிப்பாளர்களே சுட்டிக்காட்டி, தங்கள் நாளில் நல்லவையும் உண்டு, அவற்றையும் கேட்க வேண்டும் என்றனர். ஆய்வாளர்கள் அக்கேள்வியைச் சேர்த்தபோது ஏறத்தாழ அனைவராலும் அந்நாள்களில் தமக்குப் பொருளுள்ளதாகத் தோன்றிய ஒன்றைக் கூற முடிந்தது. அவற்றுள் பெரும்பாலானவை நண்பர் கூறிய ஒரு சொல், விரும்பிச் சமைத்த ஓர் உணவு போன்ற சிறியவையே. துயரம் குறையாமலே அதனருகில் நிறைவும் இருக்கக்கூடும் என்பதை இவ்வாய்வு காட்டியது. அந்த நிறைவே மறுநாளுக்கான வலிமையைத் தந்தது.

உங்கள் வாழ்வில் இதனைச் செயற்படுத்தச் சில வழிகள்:

1. நாளின் அளவைச் சிறிதாக்குங்கள். "இன்னும் எத்தனை ஆண்டு?" என்னும் கேள்விக்கு விடையில்லை. "இன்று மாலைக்குள் என்ன செய்ய இயலும்?" என்பதற்கு விடை உண்டு. முன்பு "எப்போது நடப்பார்?" என்பது குறிக்கோளாக இருந்திருக்கலாம். இப்போது படுக்கைப்புண் இல்லாத முதுகு, வலியில்லாத இரவு, சாய்ந்து அமர்ந்து பத்து நிமிடம் வெயில் காய்வது ஆகியவை குறிக்கோள்களாகட்டும். அடையக்கூடிய குறிக்கோள் கைகூடும்போது மனம் தளர்ச்சியிலிருந்து மீள்கிறது.

2. செய்வதன் பெயரை அறியுங்கள். ஒருவரின் உடலைத் துடைப்பது வெறும் வேலையாகத் தோன்றலாம். அச்செயலால் காக்கப்படுவது அவருடைய மானம். தம்மால் கேட்க இயலாத ஒருவருக்கு அவர் கேட்க விரும்புவதைச் செய்கிறீர்கள். இதனை எவரும் பாராட்டாவிடினும் உண்மை அதுவே.

3. உறவைத் தேடுங்கள். மருந்தும் உணவும் கொடுக்கும் நேரத்தில் நீங்கள் செவிலியர். நாளில் கால் மணி நேரமேனும் மனைவியாகவோ மகளாகவோ அருகில் அமருங்கள். பழைய பாட்டை ஒலிக்கச் செய்யுங்கள். பழைய படங்களைக் காட்டுங்கள். மறதி நோய் முற்றிய பலரும் பெயர்களை மறந்தபின்னும் பழகிய பாடலுக்கும் கைத்தொடுதலுக்கும் முகம் மலர்கின்றனர்.

4. இரவில் ஒரு வரி எழுதுங்கள். அன்று நடந்தவற்றுள் நினைவில் வைக்கத் தக்க ஒன்றை நாட்காட்டித் தாளில் எழுதுங்கள். "இன்று இரண்டு இட்லி முழுவதும் சாப்பிட்டார்" என்பதே போதும். எழுதத் தோன்றாத நாளில் எழுத வேண்டாம்.

5. உங்களுக்கென ஒன்றை விட்டுவிடாதீர்கள். பூத்தொடுத்தல், செடிக்கு நீர் ஊற்றுதல், செய்தித்தாள் வாசித்தல், வழிபாடு, தோழியுடன் பேச்சு என முன்பு நீங்கள் விரும்பிய ஒன்று தொடரட்டும். பராமரிப்பாளர் என்பது நீங்கள் ஏற்றிருக்கும் பொறுப்பு. உங்கள் முழு வாழ்வும் அதுவன்று. பராமரிப்புக் காலம் முடிந்தபின் பலருக்கு ஏற்படும் வெறுமையை எதிர்கொள்ளவும் இது துணைபுரியும்.

6. ஒத்த நிலையில் உள்ள ஒருவருடன் பேசுங்கள். மருத்துவமனையில் காத்திருக்கும்போது அறிமுகமான மற்றொரு பராமரிப்பாளராக அவர் இருக்கலாம். நீங்கள் கற்றுக்கொண்ட தூக்கும் முறையோ உணவுப் பக்குவமோ புதிதாக இந்நிலைக்கு வந்த ஒருவருக்குப் பெரும் உதவியாகும். தாம் பட்ட சிரமம் பிறருக்குப் பயன்படுவதைக் காணும்போது அதற்கு ஒரு பொருள் பிறக்கிறது.

பொருள் காண்பதன் பெயரால் செய்யக்கூடாதவை

பொருள் காண்பது பராமரிப்பவரின் உரிமை. அதனைப் பிறர் அவர்மீது திணிக்க இயலாது. "எல்லாம் நன்மைக்கே", "முற்பிறவிப் பயன்", "உனக்கு மனவலிமை அதிகம், அதனால்தான் கடவுள் உனக்குக் கொடுத்தார்" போன்ற சொற்களை உறவினரும் அயலாரும் தவிர்க்க வேண்டும். அவை பேசுபவருக்கு ஆறுதல் தரலாம். கேட்பவரின் வாயை அடைத்துவிடும். அவற்றுக்குப் பதிலாக, "சாப்பிட்டீர்களா? நான் ஒரு மணி நேரம் இங்கே இருக்கிறேன், நீங்கள் போய்ப் படுங்கள்" எனக் கூறுவது மேலானது.

அவ்வாறே, "தியாகி" என்னும் புகழ்ச்சியை நம்பி உதவியை மறுக்க வேண்டாம். நோய்க்கே ஒரு காரணமும் நியாயமும் இருந்தாக வேண்டும் எனத் தேடி வருந்தவும் வேண்டாம். இரத்தக் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ பக்கவாதம் வருகிறது. அது எவருக்கும் பாடம் புகட்ட வந்ததன்று. அதன்பின் நீங்கள் நாள்தோறும் செய்துவரும் செயலில்தான் பொருள் உள்ளது. அச்செயலைக் களைப்பின்றிச் செய்ய உதவி பெறுவதும் அப்பொருளின் ஒரு பகுதியே.

எப்போது உடனே உதவி நாட வேண்டும்?

கீழ்க்காணும் நிலைகளில் மேற்கூறிய வழிகள் மட்டும் போதா. மருத்துவரை அணுக வேண்டும்:

• பெரும்பாலான நேரம் நீடிக்கும் துயரம், அல்லது எதிலும் ஆர்வமின்மை, இரண்டு வாரங்களுக்கு மேல் தொடர்தல்
• பசி, தூக்கம், எடை ஆகியவற்றில் பெரும் மாற்றம்
• களைப்பைப் போக்க மதுவையோ, மருத்துவர் பரிந்துரைக்காத தூக்க மாத்திரையையோ நாடுதல்
• நோயாளியைக் கை நீட்டி அடித்துவிடுவோமோ என்னும் அச்சம், அல்லது அவ்வாறு நிகழ்ந்துவிடுதல்
• உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம், அல்லது இருவரும் சேர்ந்து இறந்துவிடலாம் என்னும் எண்ணம்

இறுதியில் குறிப்பிட்ட எண்ணம் தோன்றினால் தனியாக இருக்க வேண்டாம். நம்பிக்கைக்குரிய ஒருவரை அருகில் அழைத்துக்கொண்டு உடனே கீழ்க்காணும் எண்ணைத் தொடர்புகொள்ளுங்கள். நோயாளியின்மீது சினம் கட்டுக்கடங்காமல் எழும்போது, அவர் விழுந்துவிடாதவாறு பாதுகாப்பாகப் படுக்கவைத்துவிட்டு, அறையை விட்டு வெளியே வந்து, சில நிமிடம் நின்று நீர் அருந்துங்கள். பின்னர் எவரையேனும் அழைத்துப் பேசுங்கள்.

மனச்சோர்வு சிகிச்சையால் குணமாகக்கூடிய நோய். அதற்கு மருந்தும் ஆலோசனையும் பெறுவது பலவீனம் ஆகாது. மனநலச் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ஏற்றுள்ளது.

கிடைக்கும் சேவைகள்

• டெலி மானஸ், 14416: 2022 அக்டோபர் 10-இல் நாடு முழுவதும் தொடங்கப்பட்ட இலவச மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவை. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

• 104: தமிழ்நாட்டின் மருத்துவ ஆலோசனை உதவி எண். மனநல ஆலோசனையும் பெறலாம்.

• 108: அவசர ஊர்தி.

• 14567: முதியோருக்கான தேசிய உதவி எண்.

• மக்களைத் தேடி மருத்துவம்: 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட திட்டம். இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகள் இல்லத்துக்கே வழங்கப்படுகின்றன. படுக்கையில் உள்ளோருக்கு வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிலேயே அளிக்கப்படுகின்றன. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

• மாவட்ட மனநலத் திட்டம்: அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவரின் ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும்.

• மாற்றுத்திறனாளிகள் நலத்துறை: தகுதியுடைய கடும் மாற்றுத்திறனாளிகளுக்கு மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகையும், சக்கர நாற்காலி போன்ற உபகரணங்களும் வழங்கப்படுகின்றன. தகுதி விவரங்களை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அறியலாம்.

செவிலியரோ சுகாதாரப் பணியாளரோ உங்கள் இல்லத்துக்கு வரும்போது நோயாளியைப் பற்றிக் கூறுவதுடன் நிறுத்திவிடாதீர்கள். "எனக்குத் தூக்கம் இல்லை", "என் இரத்த அழுத்தத்தையும் பாருங்கள்" எனக் கேளுங்கள். அந்த வீட்டில் கவனிக்கப்பட வேண்டியவர் இருவர். அவர்களுள் ஒருவர் நீங்கள்.

இத்தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. சிகிச்சைக்கு மருத்துவரின் ஆலோசனையைப் பெறவும்.